ஓலை பிழைத்தால் போதுமா?

குடகுப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் யாரும் பைலகுப்பேயில் வண்டியை நிறுத்தாமல் திரும்புவதில்லை. மைசூரிலிருந்து குஷால்நகர் போகிற வழியில், காவிரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது அந்தத் திபெத்தியர் குடியிருப்பு. அங்குள்ள நம்த்ரோலிங் மடத்துக்கு நம் ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோல்டன் டெம்பிள்’. உள்ளே அண்ணாந்து பார்க்க வைக்கும் மூன்று பொன்னிறச் சிலைகள். அவற்றின் முன் குடும்பத்தோடு ஒரு படம், வெளியே வந்தால் ஒரு தட்டு மோமோ, பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அடுத்து துபாரே யானை முகாம்.

இதில் தப்பொன்றும் இல்லை. கோயில் அழகானது, மோமோவும் ருசியானதுதான். ஆனால் பைலகுப்பேயில் பார்க்க வேண்டியது என்று யாராவது என்னைக் கேட்டால், தங்கக் கோயிலை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் சொல்வது சேரா மடத்தின் வாத முற்றத்தை. அங்கே சிலை இல்லை, தங்கம் இல்லை. மரத்தடியில், வெறும் தரையில், சிவப்புப் போர்வை போட்ட நூற்றுக்கணக்கான துறவிகள் ஒருவரோடொருவர் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சண்டை என்றே தோன்றும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மைசூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது இரண்டு மாலைகள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் அவர். எதிரே நிற்பவர் கேள்வி கேட்கிறவர். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் இடது காலை ஓங்கித் தரையில் மிதித்து, வலது கையால் இடது உள்ளங்கையில் பளாரென்று ஒரு தட்டு. உட்கார்ந்திருப்பவர் நீட்டி முழக்க முடியாது. அவருக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘ஏன்?’, ‘நீ சொல்லும் காரணம் நிலைநாட்டப்படவில்லை’, ‘காரணம் சரி, ஆனால் அதிலிருந்து இந்த முடிவு வராது’. அவ்வளவுதான். முன்னால் ஒத்துக்கொண்டதற்கு மாறாக எதையாவது ஒத்துக்கொண்டுவிட்டால் நிற்பவர் ‘த்ஸா!’ என்று கத்துவார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். கையில் புத்தகம் கிடையாது. முற்றத்துக்குள் புத்தகம் கொண்டு வரக் கூடாது. வேண்டியதெல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும்.

சிறுவர்களுக்கு முதல் பாடமே நிறத்தில் தொடங்குகிறது. வெள்ளைக் குதிரை வெள்ளையா? ‘ஆம்’ என்று சொல்லும் பையன் மாட்டிக்கொள்வான். வெள்ளை என்பது ஒரு நிறம், நிறம் என்பது சடப்பொருள், அப்படியானால் குதிரை சடப்பொருளா? உயிருள்ளதாயிற்றே! குதிரையின் நிறம்தான் வெள்ளை, குதிரை அல்ல. பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொல்லையும் பொருளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தரும் இந்த ஒரு பாடத்துக்காகவே அந்த மடத்துக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

இப்போது நம் கும்பகோணத்துக்கு வருகிறேன். 

உ.வே.சாமிநாதையர் நம்மூர்க் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த காலத்தில்தான் மணிமேகலைச் சுவடிகளோடு மல்லாடினார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1898ல் அது அச்சில் வந்தது. ஓலை கிடைத்துவிட்டது, பாட பேதம் பார்த்தாயிற்று, ஆனால் பொருள்? பௌத்தம் தெரிந்த ஒரு தமிழ் வித்துவான் அப்போது எங்கும் இல்லை. அதே காலேஜில் இருந்த மளூர் ரங்காசாரியார்தான் பௌத்த நூல்களைப் படித்துவந்து ஐயருக்கு விளக்கம் சொன்னார். நினைத்துப் பாருங்கள். பூம்புகாரிலும் காஞ்சியிலும் நடக்கிற கதை, தமிழில் எழுதிய காப்பியம். அதற்குப் பொருள் சொல்ல, வெளியிலிருந்து படித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் வேண்டியிருந்தது. 

மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையைப் பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கதையே இருக்காது, முழுக்கத் தருக்கம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்குப் பாடம் எடுக்கிறார். எந்தக் காரணம் சரியான காரணம், எது போலி, எந்த உதாரணம் பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொன்றாக வரும். நான் ஓய்வு பெற்ற பிறகு அதை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் தூக்கம் வந்தது. சேரா முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த இளம் துறவி ஒருவர் (ஆங்கிலம் நன்றாகப் பேசினார்) நடப்பதை எனக்கு மெதுவாக விளக்கினார். ‘தாக்’ என்றால் காரணம், ‘கியாப்பா’ என்றால் எங்கெல்லாம் காரணம் உண்டோ அங்கெல்லாம் முடிவும் உண்டு என்பது. ஏதுவும் வியாப்தியும்! இருபத்தொன்பதாவது காதையின் சமாசாரத்தை இரண்டு பையன்கள் வியர்க்க விறுவிறுக்கக் கைதட்டிச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஓலை பிழைத்தது நமக்கு. அதைச் சொல்லித்தருகிற ஆள் பிழைத்தது அவர்களுக்கு. இந்த இரண்டில் எது பெரிது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புவது.

அவர்கள் படிப்பது என்ன என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். ‘கெஷே’ என்கிற பட்டத்துக்கு இருபது வருஷம்போலப் படிக்க வேண்டும். நம் பிஎச்.டி.யெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதன் அடிப்படை ஐந்து பெரிய நூல்கள். ஐந்துமே இந்தியாவில் எழுதப்பட்டவை. அளவை இயலுக்கு தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம். அது யாருக்கு உரை? திக்நாகரின் பிரமாணசமுச்சயத்துக்கு. திக்நாகர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. தர்மகீர்த்தியும் தென்னாட்டவர் என்றே அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பிரமாணசமுச்சயத்தின் சமஸ்கிருத மூலம் இந்தியாவில் அழிந்துபோயிற்று. முழுதாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான்.

அந்த மொழிபெயர்ப்புகள் ஏனோதானோ என்று செய்தவை அல்ல. ஒரு இந்தியப் பண்டிதரும் ஒரு திபெத்திய மொழிபெயர்ப்பாளரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கு எந்தத் திபெத்தியச் சொல் என்று அரசாணையோடு அகராதி போட்டுவிட்டார்கள். அதனால்தான் திபெத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமஸ்கிருதத்தைத் திரும்பக் கட்ட முடிகிறது. நம் தென்னாட்டுப் பண்டிதர்கள் இதில் முன்னோடிகள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? எச்.ஆர்.ரங்கசாமி ஐயங்கார் பிரமாணசமுச்சயத்தின் முதல் அத்தியாயத்தைத் திபெத்தியத்திலிருந்து சமஸ்கிருதத்துக்கு மீட்டு 1930ல் மைசூரில் வெளியிட்டார். 1942ல் அடையாறு நூலகம் ஒரு சின்ன நூலை வெளியிட்டது. திக்நாகர் எழுதிய ஆலம்பனபரீட்சை, அதற்கு தர்மபாலர் உரை. தர்மபாலரும் காஞ்சிக்காரர், நாளந்தாவில் தலைமை ஆசானாக இருந்தவர். மூலம் திபெத்தியத்திலும் சீனத்திலும் இருந்தது, உரை சீனத்தில் மட்டும். இரண்டையும் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தவர் என்.ஐயாசுவாமி சாஸ்திரி. ஆக, காஞ்சியிலிருந்து போன சரக்கு இமயத்தையும் கோபி பாலைவனத்தையும் சுற்றிக்கொண்டு அடையாறு வந்து சேர ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

ராகுல் சாங்கிருத்தியாயனையும் சொல்லாமல் விடக் கூடாது. ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ நம் தலைமுறை தலையணைக்கடியில் வைத்துப் படித்த புத்தகம். ஆனால் அவர் 1929லிருந்து 1938க்குள் நான்கு முறை திபெத் போய், சாக்யா, ஷாலு போன்ற மடங்களின் இருட்டு அறைகளில் புழுதி தட்டி, இந்தியாவில் இல்லாமற்போன சமஸ்கிருத ஓலைகளைக் கண்டெடுத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பிரமாணவார்த்திகத்தின் மூலம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அந்த நாட்டு அடுப்பங்கரையில் நம் வீட்டுப் பாத்திரம் பத்திரமாக இருந்திருக்கிறது.

1959க்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்த துறவிகளில் சுமார் 1500 பேரை வங்காளத்தின் வடக்குக் கோடியில் பக்ஸா துவாரில் தங்கவைத்தார்கள். வெள்ளைக்காரன் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த முகாம் அது. பனிமலையில் பிறந்தவர்களுக்கு அந்த வெக்கையும் மழையும் ஒத்துக்கொள்ளவில்லை. காசநோயில் பலர் போய்விட்டார்கள். ஆனாலும் அங்கே வாதம் நிற்கவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்துத்தான் கர்நாடகத்துக்கு வந்தார்கள். சேரா பைலகுப்பேயில், காந்தேனும் திரேபுங்கும் முண்ட்கோட்டில். லாசாப் பக்கத்தில் 1400களில் தொடங்கிய மடங்கள் காட்டை வெட்டிய புது நிலத்தில் மறுபடி எழுந்தன. பகலில் மக்காச்சோளம் விதைத்தார்கள், மாலையில் வாதம் செய்தார்கள். கட்டடம் பிறகு வந்தது, தங்கம் அதற்கும் பிறகு. முதலில் வந்தது அந்தக் கைதட்டல்.

புத்தகம் காப்பாற்றப்பட்ட கதையில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1960களில் ரேஷன் கடை வரிசையில் நின்று அமெரிக்கக் கோதுமை வாங்கியது நினைவிருக்கிறதா? பி.எல்.480 கோதுமை. எங்கள் வீட்டில் அதை உடைத்துக் கஞ்சியாகவும் உப்புமாவாகவும் அம்மா செய்து பார்த்தாள், அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார். அந்தக் கோதுமைக்கு இந்திய அரசு ரூபாயில்தான் விலை கொடுத்தது. இங்கேயே குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியை, இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களை அமெரிக்க நூலகங்களுக்கு வாங்க ஒதுக்கினார்கள். 1968ல் அந்த வேலைக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தில்லி அலுவலகத்தில் சேர்ந்தவர் ஜீன் ஸ்மித். திபெத்திய மொழி அறிந்தவர். அகதிகள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சுவடிகளை அச்சிடச் சொல்லி ஊக்குவித்தார். அச்சிட்டால் வாங்க ஆள் உண்டு என்கிற நிலையை ஏற்படுத்தினார். அப்படி ஆயிரக்கணக்கான நூல்கள் மறுபிறவி எடுத்தன. 1999ல் அவரே ஒரு மையம் தொடங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். 2010ல் அவர் மறைந்தபோது, ஒரு பெரிய மடத்தின் நூலகம் முழுவதும் சட்டைப்பையில் அடங்கும் காலம் வந்துவிட்டிருந்தது. நாம் சலித்துக்கொண்டே தின்ற கோதுமைக்கு இப்படியும் ஒரு பலன்.

இங்கேதான் என் நண்பர்கள் சிலரோடு எனக்கு வாக்குவாதம். “எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டதே, சார். இனி அழிய வாய்ப்பில்லை. எதற்கு இருபது வருஷம் மனப்பாடம் பண்ணிக் கொண்டு?” என்கிறார் ஒருவர். ஸ்கேன் அவசியம், மறுக்கவில்லை. 2005ல் வியன்னா அறிஞர்களும் பெய்ஜிங்கில் உள்ளவர்களும் சேர்ந்து, பிரமாணசமுச்சயத்துக்கு ஜினேந்திரபுத்தி எழுதிய சமஸ்கிருத உரையை, திபெத்தில் இருந்த சுவடியிலிருந்து வெளியிடத் தொடங்கினார்கள். அதுவும் பெரிய தொண்டு. ஆனால் ஸ்கேன் செய்த பக்கத்தை நான் திறந்தால் எனக்கு என்ன புரியும்? மணிமேகலை ஓலை ஐயர் கையில் இருந்தபோது அவர் தவித்த தவிப்புதான் எனக்கும். நம் சோழநாட்டு வயல்களில் இன்றும் புத்தர் சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகள் எழும்பூர் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ‘ஏன்?’ என்று கேட்டுக் கை தட்ட ஒருவரும் இல்லை. குண்டலகேசி என்ற பெயரே வாதில் வென்ற பெண்ணின் பெயர். அவள் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியது சில பாட்டுகள்.

பெண்கள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அறவண அடிகளிடம் தருக்கம் கேட்டவள் ஒரு பெண். ஆனால் திபெத்தியத் துறவினிகளுக்கு அந்த உயர் பட்டம் கிடைத்தது 2016ல்தான். முண்ட்கோட்டில் இருபது பேர் முதன்முறையாக ‘கெஷேமா’ ஆனார்கள். மரபைக் காக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இத்தனை நூற்றாண்டு எதைக் காத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. தாமதமானாலும் செய்தார்களே என்பது வேறு.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மடத்தில் விடுவது. அந்த வயதில் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. நடுவில் வெளியேறுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். இப்போது மடத்துப் பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெரிய மடங்களின் பாடத்திட்டத்தில் இயற்பியல், உயிரியல், நரம்பியல்கூட நுழைந்துவிட்டது. அது நல்லது. இருந்தாலும் அந்தக் குட்டிப் பையன்கள் போர்வை தடுக்க ஓடுவதைப் பார்க்கும்போது, அவர்கள் அம்மாக்களின் நினைப்புத்தான் எனக்கு வந்தது.

வைத்தியமும் இதே கதைதான். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் பதினோராம் நூற்றாண்டிலேயே திபெத்தியத்துக்குப் போயிற்று. 1961ல் தர்மசாலாவில் மறுபடி தொடங்கிய மென்-த்ஸீ-காங் கல்லூரியில் மாணவர்கள் மருத்துவ நூலின் பெரும்பகுதியை இன்றும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். 2010ல் நம் அரசும் சோவா-ரிக்பா என்ற அந்த முறையைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் இருக்கிறவரைதான் அந்த நூலுக்கு உயிர். நம் சித்த வைத்திய ஏடுகளின் கதி நமக்குத் தெரியும், அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியும் கொஞ்சம் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. 2008க்கு முன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் திபெத்திலிருந்து மலை தாண்டி வந்தார்கள், அதில் பையன்களும் துறவிகளும் கணிசம். அதன் பிறகு எல்லைக் கெடுபிடியில் வரத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. குடியிருப்பில் பிறந்த இளைஞர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். இப்போது முற்றத்தை நிரப்புகிறவர்களில் லடாக், ஸ்பிட்டி, அருணாசலம், நேபாளம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். இது ஒரு விதத்தில் நல்லதே, மரபு ஒரே இனத்துக்குச் சொந்தமில்லை என்றாகிறது. ஆனால் பக்ஸாவையும் அதற்கு முந்தைய சேராவையும் கண்ணால் கண்ட பெரியவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள்.

நம் பக்கம் என்ன செய்யலாம்? சாரநாத்தில் 1967லிருந்து மத்திய அரசின் திபெத்திய உயர்கல்வி நிறுவனம் இயங்குகிறது. சாம்தோங் ரின்போச்சே வளர்த்த இடம். திபெத்திய அறிஞரும் சமஸ்கிருதப் பண்டிதரும் அருகருகே உட்கார்ந்து, பழைய முறையிலேயே, தொலைந்த நூல்களை அங்கே மீட்கிறார்கள். அந்த மேஜையில் ஒரு மூன்றாவது நாற்காலி போட்டுத் தமிழ் படித்த ஒருவரை உட்காரவைக்க எத்தனை செலவாகிவிடும்? ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள், ஐந்தாண்டு உதவித்தொகை, திபெத்தியம் படிக்க வேண்டும் என்கிற ஒரே நிபந்தனை. நம் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மாநாடுகளின் பந்தல் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும். சாரநாத் தூரம் என்றால் பைலகுப்பே இருக்கிறது. மைசூர் எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. மாலையில் ஏறினால் காலையில் மைசூர், அங்கிருந்து 80 கிலோமீட்டர்.

காஞ்சிக்காரர் எழுதிய நூலைத் தமிழில் கொண்டுவர மூன்று பேர் வேண்டும். பிரமாணசமுச்சயத்தைத் தலைக்குள் வைத்திருக்கும் ஒரு கெஷே, நியாய சாஸ்திரம் கற்ற ஒரு பண்டிதர், மணிமேகலையின் தருக்கச் சொற்கள் பழகிய ஒரு தமிழறிஞர். கெஷே பைலகுப்பேயில் கிடைப்பார், ஒருவரல்ல, நூற்றுக்கணக்கில். மற்ற இருவரும் நம் கும்பகோணத்திலேயே இன்னும் சிலர் இருக்கிறார்கள். போன வாரம் எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஐந்து பேரில் நான்கு பேர் என்னைவிட மூத்தவர்கள்.